பழைய கணினியின் கிராஃபிக்ஸை முடுக்கினால் புதிய விளையாட்டு ஓடுமா?

தனிக் கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத பழைய கணினியில் புது விளையாட்டு ஒன்றை நிறுவுகிறோம். படம் தத்தித் தத்தி நகர்கிறது. வழி தேடினால், "பயாஸில் போய் கிராஃபிக்ஸ் வேகத்தைக் கூட்டு, எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொல்கிறார் (பயாஸ் என்பது கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு மென்பொருள்). "கை வைத்தால் சிப் கருகிவிடும்" என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. இப்படி வேகத்தைக் கூட்டும் ஓவர்கிளாக்கிங், ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டும். ஓடவே மறுக்கும் விளையாட்டை அது ஓட வைக்காது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு, அதற்கு எங்கே என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ் என்பது எது

திரையில் தெரியும் படத்தைக் கணக்கிட்டு வரைவது கிராஃபிக்ஸ் செயலி. தனி அட்டையில் அதற்கென்று சொந்த நினைவகம், சொந்த விசிறி, சொந்த மின்சுற்று எல்லாம் இருக்கும். ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸுக்கு இவற்றில் எதுவும் சொந்தமில்லை. மையச் செயலியின் சிப்பிலேயே ஒரு மூலையில் குடியிருந்துகொண்டு, ரேம், மின்சாரம், விசிறி மூன்றையும் அதனோடு பங்கு போட்டுக்கொள்கிறது.

முன்பு நிலைமை இன்னும் மோசம். 2005இல் வந்த இன்டெல் ஜிஎம்ஏ 950 மையச் செயலிக்கு வெளியே, மதர்போர்டின் துணைச் சிப்பான சிப்செட்டுக்குள் இருந்தது. அதன் முழு வேகம் 400 மெகாஹெர்ட்ஸ். ஆனால் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பல சிறு மடிக்கணினிகளில் அதை 166 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குக் கட்டிப்போட்டிருந்தார்கள். அந்தக் கட்டை அவிழ்ப்பதற்கென்றே தனி மென்பொருள் உலாவியது. ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸை முடுக்கினால் அற்புதம் நடக்கும் என்ற நம்பிக்கைக்கு அந்தக் காலமும் ஒரு காரணமாக இருக்கலாம். 166இலிருந்து 400 என்றால் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அது உள்ளபடியே இருந்த வேகத்தைத் திரும்பப் பெற்றதுதான், கூடுதலாகக் கறந்தது அல்ல. இன்றைய சிப்களில் அப்படி ஒளித்துவைத்த வேகம் பெரிதாக இல்லை.

2011இல் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ், ஏஎம்டியின் லானோ என்ற செயலி வகைகள் இரண்டும் கிராஃபிக்ஸை மையச் செயலியோடு ஒரே சிலிக்கான் துண்டில் வைத்தன. இந்தக் கட்டுரை பேசும் "பழைய கணினி" அதிலிருந்து தொடங்கி, 2018இல் வேகா 8, வேகா 11 கிராஃபிக்ஸோடு வந்த ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி வரையிலான காலத்தது.

ஓவர்கிளாக்கிங்கில் எதைத் திருகுகிறோம்

சிப்பின் ஒவ்வொரு வேலையும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப நடக்கிறது. 1100 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 110 கோடி துடிப்பு. உற்பத்தியாளர் விதித்த எண்ணைத் தாண்டித் துடிக்க வைப்பதே ஓவர்கிளாக்கிங். பொதுவாக மூன்று இடங்களில் கை வைக்கலாம்.

1. கிராஃபிக்ஸ் கடிகாரம். வரையும் பகுதி மட்டும் வேகமாகும்.
2. கிராஃபிக்ஸுக்குப் போகும் வோல்டேஜ். வேகம் கூடும்போது சிப் தடுமாறாமலிருக்க இது தேவைப்படும்.
3. ரேமின் வேகம். இது கிராஃபிக்ஸ் அமைப்பே இல்லை என்று பலர் நினைப்பார்கள். ஆனால் மூன்றிலும் அதிகப் பலன் தருவது பெரும்பாலும் இதுதான்.

நான்காவதாக, அடிப்படைக் கடிகாரம் என்று ஒன்று உண்டு. வழக்கமாக 100 மெகாஹெர்ட்ஸ். சாண்டி பிரிட்ஜ் காலத்து இன்டெல் கணினிகளில் இதோடு சேமிப்பகம், விரிவாக்க அட்டைகள் உட்படப் பல பாதைகளும் கட்டுண்டிருந்ததால், ஐந்து சதவீதம் நகர்த்தினாலே வேறெங்கோ கோளாறு வரும். அதைத் தொடாமலிருப்பது நல்லது.

முட்டுக்கட்டை உட்கார்ந்திருப்பது ரேமில்

ஒரு ஃபிரேமை, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றை, வரைவதற்குக் கிராஃபிக்ஸ் செயலி கணக்குப் போட்டால் மட்டும் போதாது. சுவரின் தோற்றம், நிழலின் ஆழம், பாதி வரைந்த படம் என்று ஓயாமல் நினைவகத்திலிருந்து எடுத்து, நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு போய்வர முடியும் என்பதுதான் அலைவரிசை. இதை எளிதாகக் கணக்கிடலாம். ரேமின் பெயரிலுள்ள வேக எண்ணை எட்டால் பெருக்கினால் ஒரு சேனலுக்கு, அதாவது ரேமுக்கும் செயலிக்கும் இடையிலுள்ள ஒரு பாதைக்கு, நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று வரும்.

அதன்படி, ஒற்றைச் சேனலில் டிடிஆர்3 1600 ரேம் தருவது 12.8 ஜிகாபைட். அதே ரேம் இரட்டைச் சேனலில் 25.6 ஜிகாபைட். டிடிஆர்4 2400 இரட்டைச் சேனலில் 38.4, டிடிஆர்4 3200 இரட்டைச் சேனலில் 51.2. தனி அட்டையில் சுமாரான ஒன்றான ஜிடிஎக்ஸ் 1050க்கோ தனக்கென்றே 112 ஜிகாபைட் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, நம் 25.6 முழுவதும் கிராஃபிக்ஸுக்குக் கிடைப்பதில்லை என்பது. மையச் செயலியும் அதே ரேமைத்தான் கேட்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அலைவரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தனி அட்டைகளிலேயே நல்ல சான்று இருக்கிறது. என்விடியாவின் ஜிடி 1030 முதலில் 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. அலைவரிசை நொடிக்கு 48 ஜிகாபைட். மறு ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. இதில் வெறும் 16.8 ஜிகாபைட். வரையும் சிப் இரண்டிலும் ஒரே வகைதான், இரண்டாவதில் கடிகாரம் மட்டும் கொஞ்சம் குறைவு. ஆனால் பல விளையாட்டுகளில் இரண்டாவது அட்டை முதல் அட்டையின் பாதி வேகத்தை ஒட்டியே ஓடியது. ஒரே பெயரில் இரண்டையும் விற்றது நியாயமா என்பது வேறு விவாதம். நமக்கு வேண்டிய பாடம், கணக்குப் போடும் பகுதி எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் தரவு வராவிட்டால் கைகட்டி நிற்கும் என்பது.

இன்டெல்லுக்கும் இது தெரியாமல் இல்லை. 2013இல் ஐரிஸ் புரோ 5200, 2015இல் கோர் ஐ7 5775சியில் இருந்த ஐரிஸ் புரோ 6200 ஆகியவற்றில், செயலியின் பக்கத்திலேயே 128 மெகாபைட் கூடுதல் நினைவகத்தை ஒட்டிவைத்தது. கடிகாரத்தைத் திருகியே காரியம் முடியும் என்றால் அவ்வளவு செலவுக்குத் தேவையே இருந்திருக்காது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பயாஸில் கிராஃபிக்ஸுக்கு 512 மெகாபைட்டா, 2 ஜிகாபைட்டா என்று ஒதுக்கும் இடம் ஒன்று உண்டு. அதைக் கூட்டினால் வேகம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. கூடுவது இடம் மட்டுமே, அந்த இடத்துக்குப் போகும் பாதை அகலமாவதில்லை. "போதிய கிராஃபிக்ஸ் நினைவகம் இல்லை" என்று சொல்லித் தொடங்க மறுக்கும் சில விளையாட்டுகளை ஏமாற்ற அது உதவும். மொத்தம் 8 ஜிகாபைட் மட்டுமே உள்ள கணினியில் 2 ஜிகாபைட்டைப் பிடுங்கிக்கொடுத்தால், மிச்சமிருப்பது போதாமல் விளையாட்டு முன்பைவிட அதிகமாகத் திக்கவும் கூடும்.

ஒரு சின்னக் கணக்கு

எண்களாகப் பார்த்தால் தெளிவாகும். இவை அளந்த எண்கள் அல்ல, விளங்கிக்கொள்வதற்காக வைத்துக்கொண்டவை. உண்மையில் கணக்கிடுவதும் காத்திருப்பதும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே நடக்கும். இங்கே எளிமைக்காகப் பிரித்துவைக்கிறோம்.

ஒற்றைச் சேனல் ரேமோடு ஒரு விளையாட்டு நொடிக்கு 25 ஃபிரேம் ஓடுகிறது என்று கொள்வோம். ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிநொடி. அதில் 16 மில்லிநொடி கணக்கிடுவதில் போகிறது, 24 மில்லிநொடி ரேமுக்குக் காத்திருப்பதில் போகிறது.

1. கிராஃபிக்ஸ் கடிகாரத்தை 1150இலிருந்து 1350 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுகிறோம். கடிகாரம் 17 சதவீதம் கூடிவிட்டது. 16 மில்லிநொடி 13.6 ஆகிறது. 24 அப்படியே நிற்கிறது. மொத்தம் 37.6 மில்லிநொடி, அதாவது நொடிக்கு 26.6 ஃபிரேம். அவ்வளவு திருகியதற்குக் கிடைத்தது ஒன்றரை ஃபிரேம்.
2. கடிகாரத்தைத் தொடாமல் இன்னொரு ரேம் போட்டு இரட்டைச் சேனல் ஆக்குகிறோம். காத்திருப்பு 24இலிருந்து 12 ஆகிறது. மொத்தம் 28 மில்லிநொடி, நொடிக்கு ஏறத்தாழ 36 ஃபிரேம்.
3. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 25.6 மில்லிநொடி, நொடிக்கு 39 ஃபிரேம். முன்பு ஒன்றரை ஃபிரேம் தந்த அதே கடிகார மாற்றம் இப்போது மூன்று ஃபிரேமுக்கு மேல் தருகிறது.

மூன்றாவது வரிதான் முக்கியம். ரேமைச் சரிசெய்த பிறகே கடிகாரத்தை ஏற்றுவதற்கு அர்த்தம் வருகிறது. வாய்க்கால் குறுகலாக இருக்கும்போது மோட்டாரை மாற்றிப் பயனில்லை.

வாட்டும் வெப்பமும்

சிப் விழுங்கும் மின்சக்தி கடிகாரத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கடிகாரத்தை 20 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் ஏற்றினால் 1.2 பெருக்கல் 1.21, அதாவது 1.45. வேகம் 20 சதவீதம், மின்சக்தி 45 சதவீதம். வோல்டேஜை ஏற்றாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அதுவரை போவதே லாபம், அதற்கு மேல் வட்டி அதிகம் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

மேசைக் கணினியில் இந்தச் சூட்டைப் சூட்டை வெளியேற்றும் உலோக அமைப்பான பெரிய ஹீட்சிங்க் ஒன்று சமாளித்துவிடும். மடிக்கணினியின் கதை வேறு. 15 வாட் வரம்பு வைத்த சிப்பில் மையச் செயலிக்கும் கிராஃபிக்ஸுக்கும் சேர்த்து அந்த 15 வாட்தான். கிராஃபிக்ஸ் அதிகம் எடுத்தால் மையச் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டுக்கு இரண்டும் தேவை என்பதால் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கை பிடுங்கிக்கொள்கிறது. சூடு எல்லையைத் தொட்டால் இரண்டுமே இறங்கும். பல இன்டெல் மடிக்கணினிச் சிப்களில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ், முதல் தலைமுறை ரைசன் ஜி வகைகளில் 95 டிகிரி.

பழைய மடிக்கணினி தன் அட்டவணையில் எழுதியிருக்கும் கிராஃபிக்ஸ் வேகத்தையே நீண்ட நேரம் தக்கவைக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் என்பதுதான் நடைமுறை. அதற்கு வேண்டியது ஓவர்கிளாக்கிங் அல்ல. விசிறியில் அடைந்த தூசியைத் தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அதையும் மாற்றினால், எந்த அமைப்பையும் தொடாமலேயே இழந்த வேகம் திரும்பும். வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து அதே வேகத்தைக் குறைந்த வாட்டில் எடுப்பது இன்னொரு வழி. ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபின், பல இன்டெல் கணினிகளின் பயாஸ் மேம்பாடுகள் இந்த வசதியைப் பூட்டிவிட்டன. முன்பு வேலை செய்தது இப்போது ஏன் செய்யவில்லை என்று குழம்புகிறவர்கள் பயாஸ் பதிப்பைப் பார்ப்பது நல்லது.

எந்தக் கணினி அனுமதிக்கும்

மடிக்கணினிகளில் பெரும்பாலானவை அனுமதிக்காது. பயாஸில் அந்தப் பக்கமே இருக்காது. மாற்றியமைத்த பயாஸை ஏற்றித் திறக்கலாம் என்பார்கள். பிசகினால் கணினி எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்பதால், ஒன்றரை ஃபிரேமுக்காக அந்த வம்பு வேண்டாம்.

மேசைக் கணினியில் சிப்செட்டைப் பொறுத்தது. சாண்டி பிரிட்ஜ் வந்த புதிதில் வேடிக்கையான ஒரு பிரிவினை இருந்தது. பி67 மதர்போர்டில் மையச் செயலியை முடுக்கலாம், ஆனால் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸையே பயன்படுத்த முடியாது. எச்67இல் கிராஃபிக்ஸை முடுக்கலாம், மையச் செயலியைத் தொட முடியாது. இரண்டையும் ஒன்றாகத் தந்தது 2011இல் பின்னர் வந்த இசட்68. அதன்பின் இன்டெல் பக்கம் இசட் என்று தொடங்கும் சிப்செட்டுகளே இதற்கு உகந்தவை. மற்றவற்றில் பல ஆண்டுகள் ரேமின் வேகத்துக்கும் உச்சவரம்பு இருந்தது. ஏஎம்டியில் பி350, பி450 போன்ற நடுத்தரப் பலகைகளே கிராஃபிக்ஸையும் ரேமையும் முடுக்க இடம் தருகின்றன. 2400ஜியின் வேகா 11 இயல்பாக 1250 மெகாஹெர்ட்ஸ். நல்ல விசிறியோடு அதை 1500 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டியவர்கள் ஏராளம். ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸை முடுக்குவது உண்மையிலேயே பயன் தருவது இந்த வகைச் சிப்களில்தான்.

கடிகாரத்தால் திறக்க முடியாத கதவுகள்

புதிய விளையாட்டு பழைய கணினியில் ஓடாததற்கு வேகம் மட்டுமே காரணம் இல்லை. விளையாட்டு கேட்கும் ஒரு வசதி சிப்பிலேயே இல்லாமல் இருக்கலாம். அப்போது 1150இல் ஓட்டினாலும் 1500இல் ஓட்டினாலும் திரையில் வருவது அதே பிழைச் செய்திதான்.

1. டைரக்ட்எக்ஸ் நிலை. விண்டோஸில் விளையாட்டு கிராஃபிக்ஸோடு பேசும் மொழி டைரக்ட்எக்ஸ். சாண்டி பிரிட்ஜின் எச்டி 3000 கிராஃபிக்ஸ் டைரக்ட்எக்ஸ் 10.1 வரைதான். 2012இல் வந்த எச்டி 4000 டைரக்ட்எக்ஸ் 11இல் நின்றுவிட்டது. அதற்கடுத்த ஹாஸ்வெல் தலைமுறையில் டைரக்ட்எக்ஸ் 12 இருந்தது. ஆனால் பாதுகாப்புக் குறை ஒன்றை அடைப்பதற்காக 15.40.44.5107 என்ற டிரைவர் (கிராஃபிக்ஸை இயக்கும் மென்பொருள்) பதிப்பிலிருந்து இன்டெல்லே அதை அணைத்துவிட்டது. டிரைவரைப் புதுப்பித்ததால் ஒரு விளையாட்டு ஓடாமல் போவது இப்படியும் நடக்கும்.
2. மையச் செயலியின் கட்டளைத் தொகுதி. ஏவிஎக்ஸ் 2011இல் சாண்டி பிரிட்ஜோடும், ஏவிஎக்ஸ்2 2013இல் ஹாஸ்வெல்லோடும் இன்டெல் சிப்களுக்கு வந்தன. அந்தத் தலைமுறைகளின் பென்டியம், செலரான் சிப்களில் இவை இல்லை. இவற்றைக் கட்டாயமாகக் கேட்கும் விளையாட்டு, தொடக்கத்திலேயே மூடிக்கொள்ளும்.
3. ரே டிரேசிங். ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு வரையும் முறை இது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு, ரே டிரேசிங் வன்பொருள் உள்ள அட்டையைக் குறைந்தபட்சத் தேவையிலேயே கேட்டது. இந்தக் கட்டுரை பேசும் எந்த ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸிலும் அது கிடையாது.

ஆகவே பயாஸுக்குள் நுழையும் முன் விளையாட்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அங்கே தடுப்பது வேகமா, வசதியா என்று பிரித்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

செய்வதானால் எந்த வரிசையில்

1. முதலில் விளையாட்டின் அமைப்பைக் குறையுங்கள். 1920க்கு 1080 திரையில் 20.7 லட்சம் புள்ளிகள். 1280க்கு 720இல் 9.2 லட்சம், பாதிக்கும் குறைவு. நிழல் தரத்தையும் இறக்குங்கள். எந்த ஓவர்கிளாக்கிங்கும் இவ்வளவு தராது. சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் வசதி விளையாட்டில் இருந்தால் அதையும் போடுங்கள். 2021இல் வந்த அதன் முதல் பதிப்பு ஏஎம்டி அல்லாத கிராஃபிக்ஸிலும் வேலை செய்யும்.
2. ரேம் இரட்டைச் சேனலில் ஓடுகிறதா என்று சிபியு-இசட் போன்ற மென்பொருளில் பாருங்கள். ஒரே ரேம் இருந்தால் இரண்டாவது வாங்குவதுதான் இதில் ஆகும் ஒரே உருப்படியான செலவு.
3. ரேம் அதன் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ரேம், பயாஸில் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பை, இயக்காவிட்டால் 2133லோ 2400லோ சாவகாசமாக ஓடிக்கொண்டிருக்கும். சிப்பும் மதர்போர்டும் எந்த வேகம் வரை ஏற்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
4. தூசி, தெர்மல் பேஸ்ட். அப்புறம் விளையாடும்போது வெப்பநிலையை அரை மணி நேரமாவது கவனியுங்கள்.
5. இவை எல்லாம் முடிந்த பிறகு கிராஃபிக்ஸ் கடிகாரம். 50 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுங்கள், அரை மணி நேரம் விளையாடுங்கள், மறுபடி 50. தடுமாறும் இடத்திலிருந்து ஒரு படி இறங்கி நின்றுவிடுங்கள்.

எல்லை மீறினால் என்ன தெரியும்

கடிகாரம் அளவுக்கு மீறினால் திரையில் புள்ளிகள் மின்னும், முக்கோணச் சிதறல்கள் தோன்றும், அல்லது திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். கிராஃபிக்ஸ் 2 நொடிக்குப் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் தானே டிரைவரை மறுதொடக்கம் செய்துவிடும், அந்தக் கறுப்பு அதுதான். இதில் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு படி இறக்கினால் சரியாகும். கணினியே எழவில்லை என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரியைச் சற்று நேரம் கழற்றிவைத்தாலோ, பயாஸ் அமைப்புகளை மட்டும் அழிக்கும் முனைகளை இணைத்தாலோ, பெரும்பாலான மேசைக் கணினிகளில் பழைய அமைப்பு திரும்பும். சிப்பை நிரந்தரமாகக் கெடுப்பது வோல்டேஜ். கடிகாரத்தை மட்டும் ஏற்றிச் சிப்பைக் கருக்குவது கடினம். சூடேறினால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்குள் இருக்கிறது.

ரேமை அளவுக்கு மீறி முடுக்கினால் மட்டும் இப்படி அறிகுறி காட்டும் என்று சொல்ல முடியாது. விளையாட்டு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கங்கே ஒரு பிட் புரண்டு, சேமித்த ஆட்டத்திலோ வேறு கோப்பிலோ சத்தமில்லாமல் பிழையாக எழுதப்பட்டுவிடும். எக்ஸ்எம்பியையே இயக்கினாலும்கூட, மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, ஒரு பிழைகூட இல்லை என்று தெரிந்த பிறகே அந்தக் கணினியில் முக்கியமான கோப்புகளைத் திறக்க வேண்டும்.